ஒரு வருஷ சேவைக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வர்றீங்களா? வந்து இறங்குறதுல இருந்து ஊரோட ஒட்டுற வரைக்கும்

காலேஜ் முடிச்சிட்டு ஒரு வருஷம் கிராமத்துல வேலை செய்யலாம்னு ஃபெல்லோஷிப்லயோ ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துலயோ சேர்ந்து, உங்க பேருக்கு நேரா தர்மபுரின்னோ கிருஷ்ணகிரின்னோ போட்டிருந்தா இது உங்களுக்குத்தான். ஃபர்ஸ்ட் போஸ்டிங்ல பிஎச்சிக்கு, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்ற டாக்டர், நர்ஸ், ஸ்கூலுக்கு வர்ற டீச்சர், இவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும். டெல்டா, தெற்கத்தி, சென்னைன்னு எங்கிருந்து வந்தாலும் கேக்குறது அதே கேள்விங்கதான், எங்க இறங்கணும், தண்ணி எப்படி, சாப்பாடு ஒத்துக்குமா, நம்மள ஏத்துக்குவாங்களா. அதுக்கெல்லாம் ஒவ்வொண்ணா பதில் சொல்றேன், ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்குறது ஒண்ணுதான்: இந்த ஊருங்களுக்குன்னு ஒரு நேரக் கணக்கு இருக்கு, அத நீங்க புடிச்சிட்டீங்கன்னா மீதி எல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் சரியாயிடும், அத புடிக்காம ப்ராஜெக்ட் ஃபைல தூக்கிட்டு அலைஞ்சா ஆறு மாசம் வீணாப் போயிடும்.

காலேஜ்ல என்எஸ்எஸ்ல இருந்திருப்பீங்க, வருஷத்துக்கு 120 மணி நேரம், 7 நாள் ஸ்பெஷல் கேம்ப், ஸ்கூல் கட்டடத்துல படுக்கை, சமையல் எல்லாரும் சேர்ந்து, கூடவே ப்ரோகிராம் ஆபீசர் சார். 1969ல இருந்து நடக்குற திட்டம், நல்ல அனுபவம்தான். ஆனா அந்த நினைப்போட இங்க வராதீங்க. கேம்ப்ல ஊரு உங்கள விருந்தாளியா பாத்துச்சு, ஒரு வருஷம் இருக்க வர்றவங்கள ஊரு அப்படி பாக்காது, இவன் எதுக்கு வந்திருக்கான், எத்தன நாள் இருப்பான், யாரு பக்கம் நிப்பான்னு பாக்கும். அது தப்பும் இல்ல.

ஸ்டெப் 1: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மேப்ப பாருங்க

ரெண்டும் ஒரே மாவட்டமா இருந்ததுதான். சேலத்துல இருந்து 1965 அக்டோபர் 2ல தர்மபுரி பிரிஞ்சுது, தர்மபுரில இருந்து 2004 பிப்ரவரி 9ல கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. அதனால வயசானவங்க கிருஷ்ணகிரிய கூட இன்னும் தர்மபுரி ஜில்லான்னு சொல்லுவாங்க, குழப்பிக்க வேணாம்.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகராச்சேன்னு ஸ்டேஷன் தேடாதீங்க. சென்னைல இருந்து வந்தா பஸ்தான் சுலபம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியா நேரா வந்துடும். தர்மபுரிக்கு ஸ்டேஷன் இருக்கு, ஆனா அது சேலம் பெங்களூர் லைன்ல இருக்கு, சென்னை சேலம் மெயின் லைன்ல இல்ல. மெயின் லைன்ல வர்றவங்க மொரப்பூர்ல இறங்கிடுங்க, அங்கிருந்து தர்மபுரிக்கும் பஸ் உண்டு, அரூருக்கும் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போறவங்களுக்கு பொம்மிடி. தெற்குல இருந்து வர்றவங்க சேலம் வந்துட்டா போதும், தொப்பூர் கணவாய் ஏறி ஒன்றரை மணி நேரம், பஸ்ஸுக்கு பஞ்சமே இல்ல.

டவுனுக்கு வந்தாச்சு, அதுக்கு அப்புறம்தான் விஷயமே. உங்க கிராமத்துக்கு எத்தன பஸ், எந்த நம்பர், கடைசி பஸ் எத்தன மணிக்கு, அது நைட்டு அங்கயே தங்குமா திரும்பிடுமா, இத பஸ் ஸ்டாண்ட்ல டைம் கீப்பர் கிட்ட கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து வச்சுக்குங்க. பென்னாகரம், அஞ்செட்டி, சித்தேரி மாதிரி பக்கங்கள்ல ஒரு பஸ்ஸ விட்டா ரெண்டு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல. டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, சாதாரண கட்டண பஸ்ஸான்னு மட்டும் பாத்து ஏறுங்க. டிரைவர் கண்டக்டர்கிட்ட முதல் நாளே பேரு சொல்லி அறிமுகம் ஆகிக்குங்க. அவங்கதான் ஊருக்கும் டவுனுக்கும் நடுவுல செய்தி, மருந்து, பார்சல் எல்லாம் கொண்டு போறவங்க, நாளைக்கு ஒரு நாள் நீங்க ஓடி வர்றது தெரிஞ்சா ஒரு நிமிஷம் நிறுத்தி வைப்பாங்க.

குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். இத யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் டிசம்பர் ஜனவரியில காலைல வாய தொறந்தா புகை வரும். தர்மபுரி டவுன்ல ஏப்ரல் மே வெயில் மண்டைய பொளக்கும். இந்த ரெண்டு மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு சீசன் துணி வேணும்.

ஸ்டெப் 2: முதல் வாரம், பாக்க வேண்டியவங்க

எல்லாரும் நேரா பஞ்சாயத்து தலைவர பாக்கப் போவாங்க, பாக்கணும்தான், உங்க நிறுவனத்தோட லெட்டரோட போங்க, ஊராட்சி கிளார்க்கையும் ஸ்கூல் எச்எம்மையும் பாருங்க. ஆனா தினப்படி வாழ்க்கைக்கு வேண்டியவங்க வேற. அங்கன்வாடி டீச்சர், கிராம நர்ஸ், தண்ணி விடுறவர், ரேஷன் கடைக்காரர், பால் சொசைட்டில அளக்குறவர், டீக்கடை அண்ணன். இந்த ஆறு பேர்கிட்ட உக்காந்து பேசினீங்கன்னா ஊர்ல யார் வீட்ல வயசானவங்க மட்டும் இருக்காங்க, எந்தப் புள்ள ஸ்கூலுக்கு வரல, எந்தத் தெருவுக்கு தண்ணி ஏறாது, எல்லாம் ஒரு வாரத்துல தெரிஞ்சிடும். சர்வே ஃபார்ம் எடுத்துட்டு போனா இதுல பாதி கூட கிடைக்காது.

கூப்புடுறது முக்கியம். வயசான அம்மாங்கள ஆயான்னு கூப்புடலாம், இந்தப் பக்கம் அதான் வழக்கம், மத்தவங்கள அக்கா, அண்ணா, பெரியவங்கள ஐயா. அவங்க உங்கள கண்ணுன்னு கூப்புடுவாங்க, ஆம்பளப் பையனையும் கண்ணுன்னுதான் கூப்புடுவாங்க. உங்க வயசு உள்ளவங்களா இருந்தாலும் முதல்ல வாங்க போங்கன்னே பேசுங்க. தலைவர தலைவரேன்னு கூப்புட்டா போதும். மலை ஊருங்கள்ல ஊர்க்கவுண்டர்னு ஒருத்தர் இருப்பார், பதவியில இருக்குற தலைவர் வேற, இவர் வேற, ஊர் கூட்டம் போடணும்னா இவர்கிட்ட சொல்லாம போட்டா ஆள் வராது.

யாராவது வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா போங்க. தண்ணியோ மோரோ குடுத்தா குடிங்க. நீங்க யாரு, எந்த ஊரு, அப்பா என்ன பண்றார், கல்யாணம் ஆச்சா, சம்பளம் எவ்ளோன்னு கேப்பாங்க. கோவப்படாதீங்க, உங்கள எந்த இடத்துல வச்சு பாக்கணும்னு அவங்க கணக்கு போடுறாங்க.

ஸ்டெப் 3: வீடும் தண்ணியும்

வீடு கிராமத்துக்குள்ளயே எடுங்க. டவுன்ல தங்கிட்டு தினமும் பஸ்ல வந்து போனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க கிளம்பிடுவீங்க, ஊரு அப்பதான் வீட்டுக்கு வந்து சேரும். ஓசூர் பக்கம் மட்டும் கஷ்டம், கம்பெனி வேலைக்கு வந்தவங்க கூட்டத்துல வாடகை ஏறிக் கிடக்கு, அட்வான்ஸ் கேக்குறதும் பெங்களூர் மாதிரி. மத்த இடத்துல ஒரு ரூம், ஒரு கிச்சன், வெளியில பாத்ரூம், கிடைச்சிடும். தனியா வர்ற பொண்ணுங்க அங்கன்வாடி டீச்சரோ நர்ஸோ இருக்குற தெருவுல கேளுங்க, ஓனரம்மா அதே வளாகத்துல இருக்குற வீடா பாருங்க, கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியா இருக்கான்னு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே தள்ளிப் பாருங்க. 181ங்குற பெண்கள் உதவி நம்பர் போன்ல இருக்கட்டும். சமையலுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்கிக்குங்க, அதுக்கு இந்த ஊர் அட்ரஸ் ப்ரூஃப் வேணாம், அடையாள அட்டை போதும்.

தண்ணிய பத்தி கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். இந்த ரெண்டு மாவட்டத்துலயும் பல இடத்துல போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், பாறைக்குள்ள இருந்து வர்ற உப்பு அது. ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. அதுக்கு மேல இருக்குற தண்ணிய சின்ன வயசுல இருந்து குடிச்சா பல்லுல பழுப்பு கோடு, திட்டு விழும், வருஷக்கணக்குல குடிச்சா எலும்பு, மூட்டு பாதிக்கும், முதுகு வளைஞ்சு நிமிர முடியாம போனவங்க இருக்காங்க. இதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்துச்சு, ஜப்பான் கடனுதவியில கட்டி 2013ல இருந்து காவிரித் தண்ணிய ரெண்டு மாவட்டத்துக்கும் குழாய்ல கொண்டு வர்றாங்க.

அதனால நீங்க செய்ய வேண்டியது இதுதான். தண்ணி விடுறவர்கிட்ட கேளுங்க, எந்தக் குழாய்ல ஒகேனக்கல் தண்ணி வருது, எந்தக் குழாய்ல போர் தண்ணி, எந்த நாள் எந்த மணி. ஒகேனக்கல் தண்ணிய குடிக்க, சமைக்க தனியா புடிச்சு வச்சுக்குங்க, போர் தண்ணி குளிக்க, துவைக்க. போர் தண்ணிய கொதிக்க வச்சா சரியாயிடும்னு நினைக்காதீங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டியாகும். சாதா ஃபில்டரும் இதுக்கு ஆகாது. உங்க வேலை ஹெல்த் சம்பந்தப்பட்டதா இருந்தா வீட்டுக்கு வீடு இத சொல்றதே ஒரு பெரிய வேலை, ஏன்னா குழாய் வந்தும் பழக்கத்துக்கு போர் தண்ணியே ருசின்னு குடிக்குறவங்க இருக்காங்க, ஒகேனக்கல் தண்ணி வராத நாள்ல வேற வழி இல்லாம குடிக்குறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் ஒரே அட்வைஸ் குடுக்க முடியாது.

ஸ்கூல்ல கவனிச்சிருக்கேன், ஏழாவது எட்டாவது படிக்குற புள்ளைங்க, நல்லா வாய் விட்டு சிரிக்க ஆரம்பிக்கும், பாதியில கை தானா மேல போய் உதட்ட மூடிக்கும். பல்லுல இருக்குற பழுப்புக்காக. ஒழுங்கா பல்லு விளக்க மாட்டியான்னு அந்தப் புள்ளைங்ககிட்ட தயவுசெஞ்சு கேக்காதீங்க. எத்தன தேச்சாலும் போகாது அது, அந்தப் புள்ள பண்ண தப்பும் இல்ல. க்ரூப் போட்டோ எடுக்கும்போது எல்லாரும் பல்லக் காட்டுங்கன்னு சொல்றதையும் விட்டுடுங்க.

ஸ்டெப் 4: சாப்பாடு

களி. வேற பேச்சே இல்ல. ராகி மாவும் கொஞ்சம் நொய்யும் போட்டு துடுப்பால கிண்டி, கைய தண்ணில நனைச்சு உருண்டை புடிச்சு தட்டுல வைப்பாங்க, நடுவுல குழி பண்ணி கீரைக் கடைசலோ, கொள்ளுக் குழம்போ, அவரைக்கொட்டைக் குழம்போ, கருவாட்டுக் குழம்போ ஊத்துவாங்க. முதல் தடவ சாப்புடுறவங்க சோறு மாதிரி மெல்லுவாங்க, பல்லுல ஒட்டிக்கும், அப்புறம் புடிக்கலன்னு சொல்லுவாங்க. மெல்லக் கூடாது. விரல்ல சின்னதா கிள்ளி, குழம்புல புரட்டி, வழுக்கிட்டு உள்ள போற மாதிரி முழுங்கணும். சூடா இருக்கும்போதே சாப்புடணும். காலைல ஒரு உருண்டை போட்டுட்டு மலை ஏறினீங்கன்னா மத்தியானம் வரைக்கும் பசி எட்டிப் பாக்காது. சாமைச் சோறும் கிடைக்கும், மலைப் பக்கம் போனா கேட்டு சாப்புடுங்க. டெல்டா பசங்க மூணு வேளையும் சோறு இல்லாம முதல்ல தவிப்பாங்க, ஒரு மாசத்துல பழகிடும்.

ஜூன்ல கிருஷ்ணகிரியில இருந்தீங்கன்னா மாம்பழம் திங்கறதுக்கு நேரம் பத்தாது. ரோட்டோரமா லாரி லாரியா பெங்களூரா மாங்கா கூழ் ஃபேக்டரிக்கு போய்ட்டு இருக்கும். அந்த சீசன்ல மாந்தோப்பு வச்சிருக்குறவங்க, காய் பறிக்குற கூலி ஆளுங்க யாரும் உங்க மீட்டிங்குக்கு வர மாட்டாங்க, கூப்புடவும் கூப்புடாதீங்க.

ஸ்டெப் 5: ஊரோட நேரத்த எழுதி வைங்க

முதல் மாசத்துல நீங்க செய்ய வேண்டிய ஒரே வேலை இதுதான்னு சொல்லுவேன். நோட்டு ஒண்ணு வாங்கி ஊரு எப்ப என்ன பண்ணுதுன்னு எழுதுங்க.

விடிஞ்சும் விடியாம பால் சொசைட்டிக்கு கேனும் சொம்புமா வருவாங்க, முக்காவாசி பொம்பளைங்க. அப்புறம் நூறு நாள் வேலை இருந்தா அங்க, இல்லன்னா தக்காளி பறிக்க, பூ பறிக்க, களை எடுக்க. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம்னா தக்காளி மண்டி ஏலத்துக்கு ஏத்த மாதிரிதான் அவங்க பொழுது ஓடும், ஓசூர் சுத்துவட்டாரத்துல ரோஜா. பட்டுப்புழு வளக்குற வீடுங்க இருக்கு, புழு கடைசிப் பருவத்துல இருக்கும்போது ராத்திரி பகல்னு பாக்காம மல்பெரி இலை போடணும், அந்த ஒரு வாரம் அந்த வீட்ல யாருக்கும் பேச நேரம் இருக்காது, கூடு கட்டி தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு கொண்டு போய் வித்ததுக்கு அப்புறம் போனீங்கன்னா சந்தோஷமா உக்கார வச்சு பேசுவாங்க. சாயங்காலம் மறுபடி பால். ஏழு மணிக்கு மேலதான் ஆளுங்க காலு நீட்டி உக்காருவாங்க. ஆக மகளிர் குழு கூட்டமோ பெற்றோர் கூட்டமோ காலைல பதினோரு மணிக்கு வச்சிட்டு யாரும் வரல, ஊர்க்காரங்களுக்கு அக்கறை இல்லன்னு ரிப்போர்ட் எழுதினா அது அநியாயம்.

வாரக் கணக்கும் இருக்கு. சந்தை நாள் எதுன்னு கேளுங்க, போச்சம்பள்ளி மாதிரி பெரிய சந்தை ஞாயித்துக்கிழமைல கூடும், சுத்தி உள்ள ஊரெல்லாம் அங்கதான் இருக்கும். அந்த நாள் நீங்களும் சந்தைக்கே போயிடுங்க, ஊர்ல பாக்க முடியாத ஆளுங்கள அங்க பாக்கலாம்.

வருஷக் கணக்குதான் ரொம்ப முக்கியம். மானாவாரி பூமி, மழை இருந்தாதான் விவசாயம், ஏரி காஞ்சா பெங்களூருக்கு பில்டிங் வேலைக்கு, திருப்பூருக்கு, கேரளாவுக்கு கிளம்பிடுவாங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டு, புள்ளைங்க ஆயாகிட்ட இருக்கும். சில வீட்ல புள்ளைங்களையும் கூட்டிட்டு போயிடுவாங்க. நீங்க வர்ற மாசம் ஜூன்னா, பாதி பூட்டுன வீடுங்கள பாத்துட்டு ஊரே காலின்னு நினைச்சிடுவீங்க. பொங்கலுக்கு, ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு, ஆடி 18க்கு எல்லாரும் வந்து சேருவாங்க. அப்பா அம்மா கையெழுத்து வேணும், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடணும், ஸ்கூல் பத்தி பேசணும்னா அந்த நாலஞ்சு நாள்தான் உங்களுக்கு வாய்ப்பு. திருவிழா லீவுன்னு நீங்க உங்க ஊருக்கு கிளம்பிட்டீங்கன்னா போச்சு. பொங்கலுக்கு ஒரு நாள் முன்னாடியோ பின்னாடியோ வீட்டுக்கு போய்ட்டு வாங்க, அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

திருவிழான்னு வந்தா ராத்திரி கூத்து கட்டாயம் பாருங்க. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், பாய் எடுத்துட்டு போய் ஜனங்களோட உக்காருங்க, தூக்கம் வந்தா அங்கயே சாயலாம், எல்லாரும் அப்படித்தான். அடுத்த நாள் டீக்கடையில கூத்த பத்தி பேச உங்களுக்கும் விஷயம் இருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் தை மாசத்துல எருது விடும் விழா நடக்கும், கூட்டத்துல முன்னாடி போய் செல்போன்ல வீடியோ எடுக்காதீங்க, காளை வர்ற வேகத்துக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

ஸ்டெப் 6: பாஷை

தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை பக்கம் தமிழ்தான். கிருஷ்ணகிரி தாண்டி வடக்க போகப் போக வீட்டு பாஷை தெலுங்கு, கன்னடம், டவுன்ல உருது. தளி, தேன்கனிக்கோட்டைல ஒரே தெருவுல மூணும் கேக்கும். எல்லாருக்கும் தமிழ் புரியும், ஆனா வயசான ஆயாகிட்ட “ஊட்டா ஆய்த்தா”ன்னு கன்னடத்துலயோ “பாகுன்னாரா”ன்னு தெலுங்குலயோ ஒரு வார்த்தை கேட்டா மூஞ்சே மலரும். மலைல லம்பாடி ஜனங்க இருக்காங்க, அவங்க பாஷை தனி. ஒண்ணாவது ரெண்டாவது புள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்கறவங்க ஒரு விஷயம் கவனிங்க, அந்தப் புள்ள பேசாம இருந்தா படிக்க வரலன்னு இல்ல, வீட்ல வேற பாஷை, ஸ்கூல் தமிழ் அதுக்கு புதுசு. அதே பாஷை பேசுற பெரிய கிளாஸ் அக்கா ஒருத்திய பக்கத்துல உக்கார வச்சா ரெண்டு வாரத்துல வாய் தொறக்கும்.

பார்டர் ஓரமா இருக்குற ஊர்கள்ல போன் கர்நாடகா டவருக்கு தாவிடும். கவலப்படாதீங்க. சிக்னல் இல்லாத ஊருங்கள்ல எந்தப் பாறை மேல, எந்த டேங்க் பக்கத்துல டவர் கிடைக்கும்னு புள்ளைங்கள கேட்டா கூட்டிட்டே போகும்.

ஸ்டெப் 7: ஊரும் காலனியும்

இத ஒளிச்சு மறைச்சு சொல்ல விருப்பம் இல்ல. இங்க பல கிராமத்துல ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். 2012 நவம்பர்ல நாயக்கன்கொட்டாய் பக்கத்துல காலனி வீடுங்கள கொளுத்துனது தர்மபுரி மாவட்டத்துலதான், ஊரு அத மறக்கல. யாரோட சாதியையும் நீங்க கேக்காதீங்க, உங்ககிட்ட கேப்பாங்க, நேரா கேக்காம ஊரு, குலதெய்வம்னு சுத்தி கேப்பாங்க. நான் எல்லார் வீட்டுக்கும் வர்றவன்க்கா, அப்படியே வச்சுக்குங்கன்னு சிரிச்சிட்டே சொல்லிடுங்க, சண்டை வேணாம், விளக்கமும் வேணாம்.

முதல் வாரத்துலயே ரெண்டு பக்கமும் போங்க, ரெண்டு பக்கமும் தண்ணி குடிங்க, ரெண்டு பக்கமும் சாப்புடுங்க. ஒரு மாசம் ஊருக்குள்ளயே இருந்துட்டு அப்புறம் காலனிக்கு போனா நீங்க ஏற்கனவே அந்தப் பக்கத்து ஆளுன்னு முடிவு பண்ணிட்டிருப்பாங்க. கூட்டம் போடுற இடத்தையும் யோசிங்க, கோயில் மண்டபத்துல வச்சா யாரு வர மாட்டாங்க, யாரோட வீட்டுத் திண்ணைல வச்சா யாரு வர மாட்டாங்கன்னு பாத்து ஸ்கூல், அங்கன்வாடி, நூலகம் மாதிரி பொது இடமா பாருங்க. டியூஷன் வைக்கறதா இருந்தா காலனி புள்ளைங்க தனியா, ஊர் புள்ளைங்க தனியான்னு வைக்கச் சொல்லி யோசனை வரும், சுலபமா இருக்கும்னு சொல்லுவாங்க. ஒத்துக்காதீங்க. ஆள் கம்மியா வந்தாலும் பரவால்ல, ஒரே இடத்துல ஒண்ணா நடத்துங்க.

ஸ்டெப் 8: மலையும் காடும்

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, மாரண்டஅள்ளி, பென்னாகரம் காட்டு ஓரம்னா யானை நடமாட்டம் உண்டு. மழை முடிஞ்சு ராகி கதிர் புடிக்குற காலத்துல, அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும், பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்துல இருந்து கூட்டமா வரும். அந்த மாசங்கள்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காட்டு ரோட்ல டூவீலர்ல தனியா போகாதீங்க, குறுக்கு வழின்னு ராகிக் கொல்லைக்குள்ள இறங்காதீங்க. ஃபாரஸ்ட் ஆளுங்க எந்தப் பக்கம் கூட்டம் நிக்குதுன்னு சொல்லுவாங்க, ஊர் வாட்ஸ்அப் க்ரூப்ல சேர்ந்துக்குங்க. பன்றிக்காக சில பேர் திருட்டுத்தனமா கரண்ட் கம்பி கட்டுறாங்க, 2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு கம்பில பட்டு மூணு யானை செத்துப்போச்சு, மனுஷனுக்கும் அதே ஆபத்துதான். இருட்டுல தெரியாத கொல்லை வரப்புல நடக்கவே வேணாம்.

நைட்டு டார்ச் இல்லாம வெளிய காலு வைக்காதீங்க. பாம்பு கடிச்சா கட்டு போடுறது, கீறுறது, மந்திரிக்குறது எதுவும் வேணாம், கடிபட்ட கால ஆட்டாம 108 கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போயிடணும், மருந்து அங்க இருக்கு. தர்மபுரியிலயும் கிருஷ்ணகிரியிலயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

மலைமேல சில ஊருக்கு இன்னிக்கும் நடைதான். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு எலக்ஷனுக்கு வோட்டு மிஷின கழுதை மேல ஏத்திக் கொண்டு போயிருக்காங்க. இப்படி ஒரு இடத்துல போஸ்டிங் விழுந்தா பயப்படாதீங்க. அரூர் தாலுகா சித்தேரி, கல்வராயன் மலைங்களுக்கு நடுவுல சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கு, டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி 1993ல அங்க வந்து ஒரு குடிசையில வைத்தியம் ஆரம்பிச்சாங்க. உள்ளூர் பொண்ணுங்களுக்கே நர்ஸ் வேலை, சுகாதார வேலை பழக்கி விட்டு, இன்னிக்கு அது முழு ஆஸ்பத்திரி. இயற்கை விவசாயிங்க சங்கம், லம்பாடி பெண்களோட கைத்தையல்னு அதுல இருந்து கிளை விட்டிருக்கு. முன்கூட்டியே கேட்டுட்டு ஒரு நாள் போய் பாத்துட்டு வாங்க, வெளியூர்ல இருந்து வந்த ரெண்டு பேர் ஒரு இடத்துல ஊன்றி நின்னா எப்படி இருக்கும்னு கண்ணால பாக்கலாம்.

ஸ்டெப் 9: கல்யாணச் சேதி காதுல விழுந்தா

ஸ்கூல் புள்ளைக்கு கல்யாணம் பேசுறது இந்த ரெண்டு மாவட்டத்துல இன்னும் நிக்கல. பெரும்பாலும் முழுப்பரீட்சை லீவுல, சொந்தத்துக்குள்ள, சத்தமில்லாம நடக்கும். ஒரு பொண்ணு திடீர்னு ஸ்கூலுக்கு வராம போனா, கூட படிக்குற புள்ளைங்க உங்ககிட்ட வந்து மெதுவா சொல்லுவாங்க. நீங்க தனியா அந்த வீட்டுக்கு போய் சட்டம் பேசாதீங்க, ராவோட ராவா வேற ஊருக்கு கூட்டிட்டு போய் தாலி கட்டிடுவாங்க. 1098க்கு, அதாவது குழந்தைகள் உதவி நம்பருக்கு போன் பண்ணுங்க, சொன்னவங்க யாருன்னு வெளிய சொல்ல மாட்டாங்க. எச்எம்முக்கும் உங்க கோஆர்டினேட்டருக்கும் அன்னிக்கே சொல்லுங்க. நாளைக்கு பாக்கலாம்னு தள்ளாதீங்க. கல்யாணம் நின்னதுக்கு அப்புறம் அந்தப் பொண்ண விட்டுடாம, அடுத்த கிளாஸ்ல அட்மிஷன் போடுற வரைக்கும், ஹாஸ்டல் தேவைன்னா ஹாஸ்டல் கிடைக்குற வரைக்கும் கூட நில்லுங்க, அதுலதான் பாதி பேர் விட்டுடுறாங்க. பெத்தவங்கள வில்லன் மாதிரி பேசாதீங்க, அவங்க பெங்களூர்ல சித்தாள் வேலைக்கு போயிருக்க, வயசுக்கு வந்த பொண்ண ஆயாகிட்ட விட்டுட்டு ராத்திரி தூங்க முடியாம தவிக்குறவங்க. அந்தப் பயத்துக்கு ஒரு பதில் நீங்க வச்சிருந்தாதான் உங்க பேச்ச கேப்பாங்க.

மூணாவது மாசம்

முதல் மாசம் புதுசா இருக்கும், ரெண்டாவது மாசம் ஓடிடும், மூணாவது மாசம்தான் கஷ்டம். வேலை நகராத மாதிரி இருக்கும், ஊருக்குப் போயிடலாமான்னு தோணும், ராத்திரி ஊர் அடங்கி நாய் குரைக்குறது மட்டும் கேக்கும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருது. பக்கத்து ப்ளாக்ல உங்கள மாதிரியே வந்திருக்குறவங்கள மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு பாருங்க. சும்மா ஊர் சுத்தவும் இடம் இருக்கு. ஒகேனக்கல்ல பரிசல், எண்ணெய்க் குளியல், வறுத்த மீன். பாப்பாரப்பட்டியில சுப்பிரமணிய சிவா நினைவிடம், 1925ல அவர் கண்ண மூடுன ஊரு அது. ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளியில ராஜாஜி பொறந்த வீடு. தர்மபுரி மியூசியத்துல நடுகல்லுங்க, ஸ்கூல் புள்ளைங்களையும் கூட்டிட்டு போங்க. ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமானோட தகடூர்தான் இந்த தர்மபுரி. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்புக்கு 4,000 வருஷத்துக்கும் மேல வயசுன்னு 2022ல அறிவிச்சாங்க. எங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல சார்னு சொல்ற புள்ளைங்ககிட்ட இத சொல்லிப் பாருங்க, அடுத்த கேள்வி அதுங்ககிட்ட இருந்தே வரும்.

கிளம்புற மாசம்

போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தேதிய ஊர்ல சொல்லிடுங்க, முக்கியமா புள்ளைங்ககிட்ட. நேரக் கணக்கு எழுதின நோட்டு, பஸ் டைம் பேப்பர், எந்தக் குழாய்ல எந்தத் தண்ணிங்குற விவரம், ஸ்கூல்ல இருந்து நின்ன புள்ளைங்க பேரு, அவங்க அப்பா அம்மா இப்ப எந்த ஊர்ல வேலை செய்றாங்க, இத்தனையும் உங்களுக்கு அடுத்து வர்றவர் கையில குடுங்க. ஆள் வர லேட்டாகும்னா எச்எம்கிட்டயோ அங்கன்வாடி டீச்சர்கிட்டயோ குடுங்க, ஆனா குடும்ப விஷயம், கல்யாண விஷயம் எழுதின பக்கத்த மட்டும் தனியா கிழிச்சு கோஆர்டினேட்டர்கிட்ட நேர்ல சேத்துடுங்க. புதுசா வர்றவர் வந்து சேர்ந்தா ஒரு வாரம் கூடவே தங்கி, வீடு வீடா கூட்டிட்டு போய் இவர்தான் இனிமேன்னு அறிமுகம் பண்ணி வைங்க, முதல்ல காலனி பக்கம். சிலிண்டர அவருக்கே வித்துடலாம்.

அதுக்கப்புறம் ஊர்த் திருவிழாவுக்கு பத்திரிகை வரும். ஒரு தடவையாவது வந்துட்டு போங்க.